பிஸ்கட் தட்டு வந்த பிறகு பேசக் கூடாது

உப்புக் கோட்டை என்னும் கணினி விளையாட்டை முடித்தவர்களை வெளியில் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். எந்தக் கதவை மூடினாலும் ஒரு நொடி தயங்குவார்கள். இந்த வியாதி போயும் போயும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்திருந்தது. கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அதிலேயே தயங்கினால் வேலை எப்படி ஓடும் என்று அவனுடைய மேலதிகாரி தலையில் அடித்துக்கொள்வார்.

விளையாட்டு அப்படிப்பட்டது. அதில் நீங்களே ஒரு வழிப்போக்கனாகிவிடுவீர்கள். யாரிடம் என்ன பேசுவது, யாரை நம்புவது எல்லாம் உங்கள் பாடு. கூடவே விளக்குக்காரி என்று ஒருத்தி வருவாள். வழி நெடுக உங்களைக் கிண்டல் செய்வாள், உங்களுக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்வாள். கடைசியில், கோட்டைக்கு அடியில் அணைந்து கிடக்கும் பெரிய விளக்கை ஏற்ற ஒரு கல் கதவுக்குள் நுழைவாள். “நான் வர்ற வரைக்கும் கதவைப் பிடிச்சுக்க” என்பாள். திரையில் ஒரே ஒரு பொத்தான் இருக்கும்: ‘கையை எடு’. அதை அழுத்தினால் திரை இருண்டு ஆட்டம் முடிந்துவிடும். அவள் திரும்பி வந்தாளா என்பது அடுத்த பாகத்தில் தெரியும் என்றார்கள். அடுத்த பாகம் வருவதற்குள் அதைச் செய்த ஸ்டுடியோவையே இழுத்து மூடிவிட்டார்கள்.

மெக்கானிக் அந்தப் பொத்தானை அப்போதே அழுத்திவிட்டான். அவன் மனைவி அழுத்தவில்லை. “அவ உள்ள இருக்கா. நான் எப்படிங்க கையை எடுக்கிறது?” என்று கேட்டாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். பிடித்த பிடியை விடுவது அவள் சுபாவத்திலேயே கிடையாது.

கல்யாணமான புதிதில், ஒரே நாற்காலி இருந்த வாடகை அறையில் இருவரும் மாறி மாறி உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அது. அதன் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பழைய கணினிதான் முதலில் போகும். அவள் சேமித்து வைத்த ஆட்டம் அதை விட்டு வேறெந்த இயந்திரத்துக்கும் நகர மறுத்தது. இப்போது அதன் விசிறி ஆஸ்துமாக்காரர் போல இழுத்துக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். அது என்றைக்கு நின்று போகுமோ, விளக்குக்காரி உள்ளேயே மாட்டிக்கொள்வாளோ என்று அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் ஒரு பெரிய நிறுவனம் அறிவிப்பு விட்டது. எப்போதோ அந்த மூடிய ஸ்டுடியோவின் கிடங்கை மொத்தமாக வாங்கியபோது மேசை நாற்காலிகளோடு உப்புக் கோட்டையின் உரிமையும் அதற்கு வந்து சேர்ந்திருந்தது. அடுத்த பாகம் உண்டு. அதை எந்த ஸ்டுடியோ செய்வது என்று முடிவெடுக்க ஒரு தேர்வுக் குழு உண்டு. குழுவில் வாக்குரிமையோடு ஒரு சாதாரண விளையாட்டுக்காரருக்கும் இடம் உண்டு. அவரைக் குலுக்கலில் எடுப்பார்கள் என்றது அறிவிப்பு. மனைவி புருஷன் பெயரைப் போட்டுவிட்டாள். தான் போனால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று காரணம் சொன்னாள். அவன் பெயரே வந்துவிட்டது.

குழு கூடும் அறையில் ஒரு நீளமான மேசை இருந்தது. மெக்கானிக்கின் நாற்காலியை மட்டும் மேசையிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். மற்றவர்கள் அட்டையில் ‘உறுப்பினர்’ என்றிருக்க, இவன் அட்டையில் ‘உறுப்பினர் (ஆட்டத்தால் பாதிக்கப்பட்டவர்)’ என்றிருந்தது. ஏன் என்று கேட்டான். குழுவில் வேறு யாருமே அந்த விளையாட்டை விளையாடியதில்லை, அதுதான் குழுவின் பலம் என்று உறுப்பினர்களில் ஒருவரான வக்கீலம்மா விளக்கினார். விளையாடியிருந்தால் பிடித்துப் போகும். பிடித்துப் போனால் நடுநிலை போய்விடும். குழுவின் தலைவர் ஒருபடி மேலே போய், தவறிக்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதன் படம் போட்ட டப்பாவைப் பழுப்புத் தாளில் சுற்றி வைத்திருந்தாராம்.

தலைவர் இதற்கு முன் குளியலறைக் குழாய் செய்யும் பிரிவை நிர்வகித்தவர். அதை அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

“குழாயும் கதையும் எனக்கு ஒண்ணுதான். திறந்தா வரணும், மூடினா நிக்கணும். நடுவுல என்ன வருதுங்கறது வாடிக்கையாளர் இஷ்டம்” என்றார். சுற்றியிருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

தலைவருக்கு இடப்பக்கம் ஆலோசகர். யார் எதைச் சொன்னாலும் பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் எழுதுவார். பிறகு இரண்டு வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரைந்து, ஏறிய இடத்தைக் கோடு கோடாக நிரப்புவார். மெக்கானிக் மனசுக்குள் அவருக்கு வட்டம் என்றே பெயர் வைத்துவிட்டான்.

வலப்பக்கம் வக்கீலம்மா. குழுவின் விதிகள் அனைத்தும் அவர் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றில் தலையாய விதி வாக்களிப்பு பற்றியது. ஒரு காலத்தில் இங்கே கையைத் தூக்கித்தான் வாக்களித்தார்களாம். ஒருமுறை தூக்கிய கை சண்டையில் முடிந்து தண்ணீர்க் கூஜா உடைந்துவிட்டது. அன்றிலிருந்து புது மரபு. தீர்மானத்தைப் பற்றிப் பேசியவருக்கு அபிப்பிராயம் இருக்கிறது என்று அர்த்தம். அபிப்பிராயம் உள்ளவர் நடுநிலையாக வாக்களிக்க முடியாது. ஆகவே அவருக்கு அந்தத் தீர்மானத்தில் வாக்கு இல்லை. பேசாமல் இருப்பவர் ஆதரவாக வாக்களித்ததாகக் கணக்கு. ஒருவராவது பேசாமல் இருந்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். எல்லோரும் பேசிவிட்டால் வாக்கே இல்லாமல் அது செத்துவிடும்.

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படியானால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டான்.

“இங்க வேண்டாம்ங்கற வார்த்தையே கிடையாதுங்க. நாங்க நல்லதை மட்டும்தான் பேசுவோம்” என்றார் வக்கீலம்மா, குழந்தைக்குச் சொல்வது போல.

நடைமுறை என்னவென்று அன்று மதியத்துக்குள் கண்ணால் பார்த்துவிட்டான். விளையாட்டின் பெயரை ‘உப்புக் கோட்டை: ஓர் அனுபவம்’ என்று மாற்றும் தீர்மானம் வந்தது. தலைவர் மணியை அடித்தார். ஒரு பெரிய பிஸ்கட் தட்டு உள்ளே வந்தது. எல்லோரும் ஆளுக்கு இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். மெல்லும் வாய் எப்படிப் பேசும்? மெக்கானிக் மட்டும் எழுந்து, பெயர் இருக்கிறபடியே நன்றாகத்தானே இருக்கிறது என்று உருக்கமாகப் பேசினான். எல்லோரும் மென்றபடியே அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். பேசிய குற்றத்துக்கு அவன் வாக்குப் போயிற்று, தீர்மானம் நிறைவேறிற்று.

சற்று நேரத்தில் கூட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று எங்கிருந்தோ ஒரு தீர்மானம் வந்தது. அதற்குப் பிஸ்கட் வரவில்லை. தலைவர் பேசினார். வட்டம் பேசினார். வக்கீலம்மா பேசினார். கடைசி நாற்காலியில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவரும் விழித்தெழுந்து வானிலை பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். மெக்கானிக், குறைத்தால் நல்லதுதான் என்று ஆதரித்துப் பேசினான். வாக்களிக்க ஆளே மிஞ்சாமல் தீர்மானம் அங்கேயே செத்தது. பிடித்ததற்குப் பிஸ்கட், பிடிக்காததற்குப் பேச்சு. அவ்வளவுதான் அந்தக் குழுவின் அரசியல் சாசனம்.

அடுத்தடுத்த கூட்டங்களில் ஸ்டுடியோக்கள் வரத் தொடங்கின. முதலில் பெரிய ஸ்டுடியோ. அவர்கள் வந்த கூட்டத்துக்கு அறை போதாமல் பாதிப் பேர் நடையில் நின்றார்கள். சுவர் முழுக்க ஒரு வரைபடத்தை விரித்தார்கள். முதல் பாகத்தின் நிலப்பரப்பு அதில் ஒரு மூலையில் மூக்குத்தி அளவுக்கு இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போனால் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். வழியில் என்ன இருக்கும் என்று மெக்கானிக் கேட்டான். “வழியில சுதந்திரம் இருக்கும்” என்றார் அவர்களுடைய தலைமை நிர்வாகி. விளக்குக்காரி என்ன ஆனாள் என்று கேட்டான். அவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கேட்டு, நிமிர்ந்து, விளக்குக்காரியைத் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், தொப்பி வடிவத்திலும் கிடைப்பாள் என்றார். தலைவர் நெகிழ்ந்துபோனார்.

அடுத்து வந்த ஸ்டுடியோ மன்னிப்புக்குப் பேர் போனது. விளையாட்டு பாதி வெந்தபடி வெளிவந்தால் எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லாத இரண்டாம் பாகத்துக்கு மன்னிப்பு அறிக்கையை முன்கூட்டியே எழுதி, நல்ல தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதை வாசித்தபோது வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை பொறுப்புணர்வு என்று வட்டம் ஒரு வட்டம் போட்டார். ஆனால் மறுநாளே அவர்கள், தங்களால் முடியாது என்று ஒரு மன்னிப்பு அனுப்பி விலகிக்கொண்டார்கள். அதுவும் அருமையாக எழுதப்பட்டிருந்தது.

கடைசியாக வந்தது ஒரு சின்ன ஸ்டுடியோ. மொத்தமே மூன்று பேர். வரைபடம் இல்லை, அறிக்கை இல்லை. காதோரம் நரைத்த ஒரு பெண் மடிக்கணினியைத் திறந்து மேசை மேல் வைத்தாள். திரையில் அந்தக் கல் கதவு. அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. கதவின் அடியில், தரையோடு தரையாக, மெல்லிய மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடு போல வந்து விரல் நகத்தில் பட்டது. உள்ளே விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்.

மெக்கானிக் தள்ளிப் போட்டிருந்த தன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

நிலப்பரப்பு எவ்வளவு என்று தலைவர் கேட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் என்றாள் அவள். மன்னிப்பு அறிக்கை எங்கே என்று வட்டம் கேட்டார். இன்னும் தப்பு செய்யவில்லையே என்றாள். வக்கீலம்மா மட்டும் காரியத்தில் கண்ணாக, நீங்கள் முதல் பாகத்தை விளையாடியதுண்டா என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைச் செய்ததே தாங்கள் மூவரும் இருந்த ஸ்டுடியோதான் என்றாள்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. முதல் பாகத்தைச் செஞ்சவங்களுக்கு ரெண்டாம் பாகத்து மேல பாசம் இருக்குமே. பாசம் இருக்கறவங்க கையில பொருளைக் குடுத்தா நாளைக்கு நிறுவனத்தை யாரு நம்புவாங்க?” என்றார்.

ஆனாலும் வேண்டாம் என்ற சொல் அங்கே கிடையாதல்லவா? ஆகவே, மறுநாள் இரண்டு தீர்மானங்கள் வரும் என்று முடிவாயிற்று. மரபுப்படி சிறியது முதலில்: மூவருக்குக் கொடுக்கலாம் என்பது. அதை எல்லோரும் பேசி முடிப்பார்கள். பிறகு பெரிய ஸ்டுடியோ, அதற்குப் பிஸ்கட். ஏதாவது ஒன்று நிறைவேறிய அந்த நொடியே குழு கலைந்துவிடும்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். உள்ளறையிலிருந்து கணினி விசிறியின் இழுப்பு கேட்டது. நடந்ததையெல்லாம் சொன்னான். அந்த மஞ்சள் வெளிச்சத்தைச் சொன்னபோது மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

சில லிஃப்டுகளில் கதவு மூடும் பொத்தானுக்குப் பின்னால் வயரே இருக்காது, ஆசைக்கு அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவைப்பார்கள். நானும் அப்படியொரு பொத்தான்தான் என்று நொந்துகொண்டான். நாளைக்கு அந்த மூவருக்காக உயிரைக் கொடுத்துப் பேசப்போகிறேன் என்றான்.

“வேணாங்க, பேசாதீங்க” என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“வண்டி கத்துக்க வர்றவங்க பக்கத்துல உக்காந்து நான் நொய் நொய்னு பேசினா என்ன ஆகும்? என்கிட்ட பதில் சொல்லிக்கிட்டே போய் மரத்துல முட்டுவாங்க. நான் வாயை மூடிட்டு இருந்தா வண்டி தானா ஓடும். கால் மட்டும் பிரேக்குல இருந்தாப் போதும்.”

அவனுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. உறைத்ததும், இத்தனை நாளும் தான் பேசிப் பேசித்தான் காரியத்தைக் கெடுத்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் தீர்மானத்தை வக்கீலம்மா படித்தார். தலைவர் எழுந்து, சிறிய நிறுவனங்கள் நாட்டின் முதுகெலும்பு, ஆனால் முதுகெலும்பு வெளியே தெரியக் கூடாது என்றார். வட்டம் மிகச் சிறிய ஒரு வட்டம் போட்டு, இதற்குள் எழுத இடமில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். வக்கீலம்மா பாசத்தின் ஆபத்துகளை விளக்கினார். தூங்குகிறவர் எழுந்து, இன்று வெயில் அதிகம் என்றார். பேச வேண்டியவர்கள் எல்லோரும் பேசியாயிற்று. எல்லோரும் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

முதலில் வக்கீலம்மாவின் முகம் மாறியது. அவர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தேன் ஒழுகச் சிரித்தார்.

“நம்ம லிஃப்ட் நண்பர் இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்காரே. சொல்லுங்க, அந்த விளையாட்டுல உங்களுக்கு அப்படி என்னதான் பிடிச்சுது? நாங்க கேக்கத்தான் உக்காந்திருக்கோம்.”

இத்தனை கூட்டங்களில் ஒருவர்கூட அவனிடம் கேட்காத கேள்வி அது. கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறான். குளிக்கும்போதெல்லாம் அதற்குப் பதில் சொல்லிப் பழகியிருக்கிறான். விளக்குக்காரி பாலத்தில் சொன்ன நகைச்சுவை, ஒற்றை நாற்காலி, மனைவி கையை எடுக்க மறுத்த அந்தச் சாயங்காலம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. நாக்கு துறுதுறுத்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

வட்டம் அவன் பக்கம் குனிந்து, அந்த விளக்குக்காரி பாத்திரம் சற்று அநாவசியமோ என்று மெல்லக் கேட்டார். இது அநியாயம். இதற்கு மேல் ஒரு மனிதன் தாங்க முடியாது.

மெக்கானிக் எழுந்தான். தலைவர் முகம் மலர்ந்தது. அவன் நேராக வாசலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன மேசைக்குப் போனான். பெரிய ஸ்டுடியோவின் தீர்மானத்துக்காகப் பிஸ்கட் தட்டு அங்கே தயாராக இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்துக்கொண்டு, கன்னம் உப்ப, தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். கண்ணீர் ஒரு பக்கம் வழிய மென்றான்.

மெல்லுவது பேச்சு ஆகுமா என்று தலைவர் சற்றுக் கடுப்போடு கேட்டார். ஆகாது என்றார் வக்கீலம்மா. அந்தத் தீர்ப்பை முன்பொரு கூட்டத்தில் தலைவரே கொடுத்திருக்கிறார். கண்ணீர்? அதைப் பற்றி விதி இல்லை. வக்கீலம்மாவுக்கு முடிவு பிடிக்கவில்லைதான். ஆனால் விதியை மீறுவது அவருக்கு உயிரை விடுவதற்குச் சமம். பதிவேட்டில் எழுதினார்: பேசாதவர் ஒருவர், தீர்மானம் நிறைவேறியது.

தலைவர் நல்ல நிர்வாகி. எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வந்தாலும் அதற்குக் கீழே வாளி வைக்கத் தெரிந்தவர். உடனே எழுந்து, வாக்களித்த அனைவரும் ஒருமனதாக எடுத்த வரலாற்று முடிவு இது, தன் ஆழ்மனதில் முதல் நாளிலிருந்தே இந்த எண்ணம்தான் இருந்தது என்று நீண்ட உரை ஆற்றினார். மிச்சமிருந்த பிஸ்கட்டை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். வெற்றியைக் கொண்டாட ஒரு குழு அமைக்க வேண்டும் என்று வட்டம் சொல்ல, குழு கலைந்துவிட்டது என்பதை மறந்து அதையும் நிறைவேற்றினார்கள்.

கீழே இறங்கப்போன லிஃப்டில் அந்த மூவரும் இருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்திருந்தது. இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மெக்கானிக் ஓடி வந்து, மூடப்போன கதவைக் கையால் பிடித்தான். வாயில் இன்னும் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது மேடம் என்று ஒரே மூச்சில் கேட்டான்.

நரைத்த பெண் கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

“உண்மையைச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு எங்களுக்கு நேரம் பத்தலை. அவ விளக்கை ஏத்திட்டுத் திரும்பி வர்றதை முழுசா வரைஞ்சு வெச்சிருந்தோம். அதைச் சேக்கறதுக்குள்ள ஆபீஸைப் பூட்டிட்டாங்க. அவ கதவுக்கு அந்தப் பக்கம் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறா.”

வெகு நேரம் திறந்தே இருந்ததால் லிஃப்ட் கதவு கீச்சிட ஆரம்பித்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி கணினிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். விசிறி விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. திரையில் அதே கல் கதவு, அதே கை, அதே பொத்தான். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமே பேசவில்லை என்றான். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் பரவியது. விளக்குக்காரி ரெண்டடி தள்ளி நிற்பதையும் சொன்னான்.

“அப்ப கதவை இனிமே அவங்க மூணு பேரும் பிடிச்சுக்குவாங்கல்ல?”

“பிடிச்சுக்குவாங்க.”

“கெட்டியாப் பிடிப்பாங்களா?”

“அவங்க செஞ்ச கதவுதானே.”

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ‘கையை எடு’ என்ற பொத்தானை அழுத்தினாள். திரை இருண்டது. அவளே எழுந்து போய்க் கணினியையும் அணைத்தாள். விசிறி ஒருமுறை இழுத்துவிட்டு நின்றது. அவள் தன் வலது கையைத் தேய்த்து விட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் நிஜமாகவே வலித்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.